லாரியில் வரும் இலவச எரு

எங்கள் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கங்களில் நவரை அறுவடை முடிந்து சொர்ணவாரிக்கு நிலத்தைத் தயார் செய்யும் இடைவெளியில் வயலுக்கு எரு அடிப்பார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மூன்று வழிகள் இருந்தன. வீட்டுக் கொல்லையில் வருடம் முழுக்கச் சேர்ந்த குப்பை எருவை வண்டியில் அடிப்பது ஒன்று. ஆட்டுக்காரரிடம் பேசி வயலில் ராத்திரிக் கிடை போடுவது இன்னொன்று. ஏரி வற்றியதும் வண்டல் மண்ணை வாரி வந்து கொட்டுவது மூன்றாவது. மூன்றிலும் எரு எங்கிருந்து வந்தது, அதில் என்ன இருந்தது என்பது விவசாயிக்குத் தெரியும். மாடு தின்ற வைக்கோல் அவர் வயலில் விளைந்ததுதான்.

இப்போது மாடும் குறைந்துவிட்டது, கிடை ஆடும் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு நான்காவதாக ஒன்று வருகிறது. லாரியில் வரும் கருப்பான, ஈரமான, நாற்றமடிக்கும் கசடு. சில சமயம் கழிவுநீர் டேங்கர், சில சமயம் எங்கோ ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் வாரிய சேறு. "நல்ல உரம் சார், காசு வேண்டாம்" என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

என் தங்கை கணவருக்கு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் கேட்டார்: "மச்சான், லாரி வாடகை கூட அவனே பாத்துக்கறானாம். அதுல கெமிக்கல் ஏதாவது இருந்தாலும் ரெண்டு தரம் ஜீவாமிர்தம் விட்டா முறிஞ்சிடும்ங்கறாங்க. நெசமா?"

அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பல பேர் மனதில் இருக்கும் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாக்கடைக்கு எதிரி இல்லை. மனிதக் கழிவும் மாட்டுச் சாணம் போலத்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் நிறைய உண்டு. மதுரை அவனியாபுரத்தில் நகரத்துச் சாக்கடை நீரைப் பாய்ச்சித் தீவனப் புல் வளர்த்திருக்கிறார்கள். கருங்குழியில் வீடுகளின் செப்டிக் டேங்க் கசடைக் கொண்டுவந்து காய வைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் நடக்கிறது. வீட்டுக் கழிவு மட்டுமாக இருந்து, நன்றாக மக்க வைத்து, கிருமியும் புழு முட்டையும் சாகும்படி சூடேற விட்டு எடுத்தால் அது எருதான். அருவருப்புப் பட வேண்டிய விஷயம் இல்லை.

சிக்கல், சாக்கடையில் வீட்டுக் கழிவு மட்டும் ஓடுவதில்லை என்பதில் இருக்கிறது. பேட்டரிக் கடை, முலாம் பூசும் பட்டறை, சாயப் பட்டறை, மெக்கானிக் ஷெட், ஆஸ்பத்திரி என்று எல்லோரும் விடுவது அதே கால்வாயில்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் தெளிந்து வெளியே போகிறது. தெளிந்த தண்ணீரிலிருந்து பிரிந்ததெல்லாம் அடியில் கசடாகத் தங்குகிறது. தண்ணீர் எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமாக வெளியேறுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அழுக்கு கசடில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். காட்மியம், காரீயம், குரோமியம், நிக்கல், பாதரசம் போன்ற கன உலோகங்கள் பெரும்பாலும் இந்தக் கசடோடுதான் ஒட்டிக்கொள்ளும்.

இதற்குக் கான்பூரை விட நல்ல பாடம் வேறு இல்லை. கங்கையைச் சுத்தப்படுத்தும் திட்டத்தில் அங்கே ஜாஜ்மாவ் பகுதியில் தினம் 3.6 கோடி லிட்டர் கொள்ளளவில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். அதில் ஒரு பங்கு தோல் தொழிற்சாலைக் கழிவுநீர், மூன்று பங்கு வீட்டுச் சாக்கடை. இரண்டையும் கலந்து சுத்திகரித்து, வெளிவரும் நீரைச் சுற்றுக் கிராமங்களின் பாசனத்துக்கு விட்டார்கள். அதற்கு முன்பு அந்த விவசாயிகள் வெறும் சாக்கடை நீரில் பயிர் செய்து வந்தவர்கள்தான். கலப்பு நீர் வந்த பிறகுதான் மகசூல் விழுந்தது, தோல் வியாதி வந்தது, மாடுகள் கெட்டுப்போயின என்று பல வருடங்களாக முறையிட்டார்கள். அந்த மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குரோமியம் இருப்பதைப் பரிசோதனைகளும் காட்டின. மூன்று குடம் எருத் தண்ணீரில் ஒரு குடம் விஷத்தைக் கலந்தால் நான்கு குடமும் விஷமாகிவிடுகிறது. இந்தச் சின்னக் கணக்கைத்தான் அங்கே மறந்தார்கள்.

கான்பூர் தூரம் என்று நினைக்க வேண்டாம். சோளிங்கரைத் தாண்டிப் போனால் நமக்கு ராணிப்பேட்டை வந்துவிடும். ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றையும் வயல்களையும் என்ன செய்தன என்பது சுப்ரீம் கோர்ட் ஆவணத்திலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி, அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அசுத்தப்படுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இந்த வழக்கினால்தான். பிறகு என்ன ஆயிற்று? 2025 ஜனவரி 30 அன்று அதே விஷயத்துக்காகச் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இடையில் 28 வருடங்களுக்கு மேல்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் உப்புத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நிறத் தண்ணீர் ஓடும். அதே சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கசடை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேக்கித் தேக்கி வைத்ததன் விலை அது.

சட்டப்படி தோல் தொழிற்சாலைகளின் குரோமியக் கசடு அபாயகரமான கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அடியில் தண்ணீர் இறங்காதபடி விரிப்புப் போட்ட பாதுகாப்பான குழியில்தான் அதைப் புதைக்க வேண்டும். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். விவசாயியின் வயலில் கொட்டினால் பணம் மிச்சம். "இலவசம்" என்று லாரி வந்தால், அந்த இலவசம் யாருக்கு என்று நாம் யோசிக்க வேண்டும்.

இனி மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். ஜீவாமிர்தம் இதை முறிக்குமா?

மண்ணில் விழும் விஷத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று மக்கக்கூடியது. டீசல், எண்ணெய், பல பூச்சி மருந்துகள், கிருமிகள் எல்லாம் இந்த வகை. நுண்ணுயிரிகள் இவற்றைத் தின்று உடைத்துவிடும். தொழு எரு, ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் என்று மண்ணின் உயிரோட்டத்தைக் கூட்டும் எதுவும் இந்த வேலைக்கு உதவும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பஞ்சகவ்யத்தைப் பரப்பியதும், நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைச் சொன்னதும் ரசாயன உரத்தால் களைத்துப்போன மண்ணுக்காக. அந்த மண்ணுக்கு அவை அருமருந்து. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்னொரு ஜாதி, மக்காதது. காட்மியமும் காரீயமும் தனிமங்கள். தனிமத்தை எந்தக் கிருமியும் தின்று ஒழிக்க முடியாது, நெருப்பில் போட்டாலும் சாம்பலில் இருக்கும். பத்து வருடம் கழித்துத் தோண்டினாலும் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும். மண்புழு உரமாக்கினால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். நடப்பது தலைகீழ். கசடு மக்கும்போது அதன் எடை குறைகிறது, உலோகம் குறைவதில்லை. ஆகவே ஒரு கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் உலோகம் முன்னைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

"கடுகு, சூரியகாந்தி போட்டால் உலோகத்தை உறிஞ்சிவிடும்" என்று ஒரு செய்தியும் சுற்றுகிறது. இது பொய் இல்லை. சில செடிகளுக்கு அந்தக் குணம் உண்டு. ஒரு வகைப் பெரணிச் செடி ஆர்செனிக்கை அபாரமாக உறிஞ்சும் என்று 2001-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் மட்டும் ஏறக்குறைய 850 டன் எடை. அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85 கிலோ. கடுகுச் செடியை வேரோடு பிடுங்கிக் காய வைத்தால் ஏக்கருக்கு இரண்டு டன், அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகம் ஏறியிருக்கிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், ஒரு போகத்தில் வெளியேறுவது 200 கிராம். 85 கிலோவையும் எடுக்க 425 போகம் வேண்டும். வருடம் இரண்டு போகம் என்றால் இருநூறு வருடங்களுக்கு மேல். அதுவரை பிடுங்கிய செடியை மாட்டுக்கும் போடக் கூடாது, எருக்குழியிலும் போடக் கூடாது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்படியானால் இயற்கை வைத்தியத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. விஷத்தை வெளியேற்ற முடியாவிட்டாலும் கட்டிப்போட முடியும். தோல் கழிவில் வரும் குரோமியத்தில் இரண்டு நிலைகள் உண்டு. ஆறாம் நிலையில் இருப்பது தண்ணீரில் கரையும், கிணற்றுக்குப் போகும், புற்றுநோய் உண்டாக்கும். மூன்றாம் நிலையில் இருப்பது எளிதில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். நன்றாக மக்கிய தொழு எருவைத் தாராளமாகப் போட்டால் ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு மாறும். புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போட்டால் காட்மியம் பயிருக்கு ஏறுவது குறையும். மரக்கரியும் இதே போல உலோகத்தைப் பிடித்து வைக்கும். நெல் வயலில் கதிர் வரும் சமயத்துக்கு முன்னும் பின்னும் சில வாரம் தண்ணீர் காயாமல் நிறுத்தினால் அரிசியில் காட்மியம் குறையும். ஆனால் மண்ணில் ஆர்செனிக் இருந்தால் அதே தண்ணீர் ஆர்செனிக்கை ஏற்றிவிடும். ஆக, மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. கீரை வகைகள் உலோகத்தை அதிகம் ஏற்றிக்கொள்ளும். சந்தேகமான நிலத்தில் கீரை போடாமல் சவுக்கோ பூவோ போடுவது புத்திசாலித்தனம். இவையெல்லாம் நோயோடு வாழும் வழிகள். நோய் தீர்ந்தது என்று யாரும் சொல்லக் கூடாது.

நோயைத் தீர்க்க என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டியது. ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவோடு காட்மியம் கலந்து நெல் வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கி, இருமினாலே விலா எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் கதறியதையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள். இடாய் இடாய் என்றால் "வலிக்குது வலிக்குது" என்று பொருள். 1968-இல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. பிறகு அந்த வயல்களின் மேல் மண்ணைப் புதைத்து நல்ல மண் கொட்டும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. சரி செய்தது 860 ஹெக்டேர் சொச்சம், ஆனது 33 வருடங்கள். ஜப்பானுக்கே அந்தப் பாடு என்றால் ராணிப்பேட்டையின் 35,000 ஹெக்டேருக்கு என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே கழிவுநீர்த் துறையினர் 1990-களின் தொடக்கத்தில் போட்டி வைத்துக் கசடுக்கு நாகரிகமான புதுப் பெயர் தேடி, "பயோசாலிட்ஸ்" என்று சூட்டினார்கள். மெய்ன் மாநிலத்தில் அதைப் பல வருடங்கள் இலவச உரமாக வயல்களில் பரப்பினார்கள். 2016-இல் ஒரு பால் பண்ணையில், அழியாத ரசாயனங்கள் என்று பெயரெடுத்த பிஃபாஸ் வகை நஞ்சு பாலிலேயே இருப்பது தெரியவந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த பண்ணை படுத்தது. அந்த மாநிலம் 2022-இல் வயலில் கசடு போடுவதையே சட்டம் போட்டு நிறுத்தியது. பெயரை மாற்றினால் சரக்கு மாறாது.

நம் ஊர் விவசாயி இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தேன். 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த மண்வள அட்டை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதில் 12 விவரங்கள் வரும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. காட்மியம் இல்லை, காரீயம் இல்லை, குரோமியம் இல்லை, ஆர்செனிக் இல்லை. கசடு கொட்டிய நிலத்துக்கு அட்டை எடுத்தால் கரிமச் சத்து உயர்ந்திருக்கும், மணிச்சத்து உயர்ந்திருக்கும், அட்டை பிரமாதமாக இருக்கும். விஷம் இருப்பது அட்டையில் தெரியவே தெரியாது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

இத்தனைக்கும் கடையில் விற்கும் உரத்துக்கு விதி இருக்கிறது. நகரக் குப்பையில் செய்யும் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, காரீயம் 100, பாதரசம் 0.15. மூட்டையில் கட்டி விற்றால் இந்த வரம்பு. தோல் தொழிற்சாலைக் கசடில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். அதை மூட்டை கட்டாமல் லாரியில் சும்மா கொட்டினால் கேட்பாரில்லை.

ஏரி வண்டலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017-இல் இருந்து விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக அள்ள அரசு அனுமதி தருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் ஊர்ச் சாக்கடையோ பட்டறைத் தண்ணீரோ வந்து விழும் ஏரியின் வண்டலும், மலைத் தண்ணீர் மட்டும் நிறைக்கும் ஏரியின் வண்டலும் ஒன்றல்ல. முதல் வகை ஏரியின் அடிமண் ஒரு விதத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடேதான்.

இது விவசாயியோடு முடிகிற விஷயமும் இல்லை. நம் நந்தியாறு கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. கொசஸ்தலை 1944-இல் கட்டிய பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டித் தண்ணீர் சென்னைக் குழாயில் வருகிறது. கிருத்திகைக்கு மலையேறி வரும் சென்னைக்காரர், தான் குடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு இந்த வயல்களின் வழியாகத்தான் வருகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. தொழிற்சாலை, பட்டறை, நகரச் சாக்கடை அருகில் இருக்கும் வட்டாரங்களிலாவது மண்வள அட்டையில் காட்மியம், காரீயம், குரோமியம், நிக்கல், ஆர்செனிக் ஐந்தையும் சேர்க்க வேண்டும். சாக்கடை விழும் ஏரியில் வண்டல் அள்ள அனுமதி தருமுன் அந்த மண்ணைச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். எந்தக் கசடும் எங்கே உண்டானது, அதில் உலோகம் எவ்வளவு என்ற சோதனைச் சீட்டு இல்லாமல் வயல் வரப்பைத் தாண்டக் கூடாது. பட்டறைத் தண்ணீரை வீட்டுச் சாக்கடையில் கலக்க விடாமல் தடுப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அதைச் செய்துவிட்டால் நம் கழிவே நமக்கு நல்ல எருவாகும்.

அதுவரை விவசாயிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லாரிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த இடத்துக் கசடு? அங்கே வீட்டுக் கழிவு தவிர வேறென்ன சேர்கிறது? சோதனைச் சீட்டு எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ராத்திரியில் சொல்லாமல் கொட்டிவிட்டுப் போனால், உழுது மண்ணோடு கலந்துவிடாதீர்கள். மேலே கிடக்கும் வரை வாரி எடுத்துவிடலாம், ஏர் ஓட்டிவிட்டால் பிரிக்க முடியாது. படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்போ எருவுக்கு என்னதான் மச்சான் பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஏதாவது ஒன்றை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் நிலத்துக்கு வேண்டிய தழை அங்கேயே கிடைத்துவிடும். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். லாரி வராது, நாற்றம் இருக்காது. ஒன்றரை மாதம் பொறுமை மட்டும் வேண்டும்.